நாவல்பழ நிற கவுனும் மைனஸ் ஐந்தரையும்

சுலேமா கார்தினாலி முப்பத்தொரு வருடமாக மூக்குக்கண்ணாடி விற்கிறாள். டாங்கோ பிறந்த நகரத்தின் போயேதோ பேட்டையில், மருந்துக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்திருக்கும் தோன் சவுலின் கடையில். அந்தப் பேட்டையில் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அவள் கைபட்ட லென்ஸ் வழியாகத்தான். யார் மூக்குக்கு எந்த ஃப்ரேம் நிற்கும், யாருக்கு வலது காது இடது காதைவிட ஒரு நெல் அளவு உயரம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "இதைப் போட்டா பத்து வயசு குறைஞ்சு தெரியறீங்க, சென்யோரா" என்று அவள் சொன்ன தடவைகளைக் கூட்டினால் பேட்டை முழுக்க இந்நேரம் தொட்டிலில் கிடக்க வேண்டும்.

அவளுக்கே இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. கடையில் பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை தொடமாட்டாள். பேட்டை மன்றத்தின் மாடிக் கூடத்தில் நாலரை மணிக்கு மிலோங்கா தொடங்கும். டாங்கோ ஆடத் தெரிந்தவர்களும், தெரியும் என்று நம்புகிறவர்களும் கூடும் இடம் அது. அங்கே சுலேமா 1940-ஆம் வருடத்திலிருந்து நேரே இறங்கி வந்தவள் போல நுழைவாள்.

ஐம்பத்தெட்டு வயது. அழகி என்று சொல்வதற்கில்லை. மூக்கு கொஞ்சம் முன்யோசனை இல்லாமல் வளர்ந்துவிட்டது. ஆனால் உடுப்பு விஷயத்தில் அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. இந்தக் காலத்து உடுப்பு உடம்பை அளந்து காட்டுகிறது. அந்தக் காலத்து உடுப்பு, உடம்பு மனசு மாறினால் மாறிக்கொள்ள இடம் விட்டது என்பாள். சான் தெல்மோ பழம்பொருள் சந்தையில் பழைய தையல் பேட்டர்ன்களை வாங்கி வந்து, தானே துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி, தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைப்பாள். பின்பக்கம் கணுக்காலிலிருந்து நேர்கோடு ஓடும் காலுறை, முழங்கைவரை கையுறை, நெற்றிக்கு மேலே சுருட்டி நிறுத்திய கூந்தல், அதன்மேல் படகு கவிழப்போவது போல ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி, தொப்பியிலிருந்து கண்வரை தொங்கும் வலை. இதையெல்லாம் அவள் சவரக் கண்ணாடி ஒன்றை மூக்குநுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துத்தான் செய்து முடிப்பாள். முழு முகமாக அவள் தன்னைப் புதன்கிழமைகளில் பார்த்ததே கிடையாது. அதனால்தான் அவ்வளவு தைரியமாக இருந்தாளோ என்னவோ.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஒரு முறை முயன்று பார்த்தாள். கண்ணீர் கொட்டி, இமை மை கன்னத்தில் வழிந்து, அன்றைக்கு மூன்று ஆண்கள் அவளுக்கு இரங்கல் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாமே என்றால், அந்தப் 'பத்து வயசு' வாக்கியத்தில் எவ்வளவு உண்மை என்பது விற்றவளுக்குத் தெரியாதா?

ஆனால் மிலோங்காவில் கண் தெரியாமல் காலம் தள்ளுவது கஷ்டம். அங்கே ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம். நடுவில் பன்னிரண்டு மீட்டர் தரை. எவனும் எழுந்து வந்து "ஆட வருகிறாயா" என்று கேட்கமாட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தியைப் பார்ப்பான்; அவள் பார்வையை விலக்காமல் இருந்தால் லேசாகத் தலையை ஆட்டுவான்; அவளும் ஆட்டினால் எழுந்து வருவான். அவன் முன்னால் வந்து நிற்கும்வரை அவள் நாற்காலியை விட்டு அசையக்கூடாது. நாலு பாட்டு ஒரு சுற்று. சுற்று முடிந்தால் அவளை அவள் மேஜைக்கே கொண்டுவந்து விடவேண்டும். வேண்டாம் என்றால் பார்வையை வேறெங்காவது திருப்பினால் போதும். யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானம் இல்லை. மனிதர்கள் கண்டுபிடித்த மரியாதைகளில் இது பரவாயில்லை ரகம்.

சுலேமாவுக்கோ இரண்டு மீட்டருக்கு அப்பால் எல்லா ஆண்களும் ஒரே ஆண்தான். கறுப்பாக ஒன்று, அதன்மேல் வெளிறியதாக ஒன்று.

அதற்குத்தான் நில்தா இருந்தாள். மேல்மாடிக் குடித்தனக்காரி, பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றவள், தெருமுனையில் வரும் பேருந்தின் எண்ணைச் சமையலறை ஜன்னலிலிருந்தே படிப்பவள். இருவருக்கும் ஒரே மேஜை, தூணோரத்து மூன்றாவது. மேஜைக்கு அடியில் நில்தாவின் முழங்கால் ஒரு முறை இடித்தால், "உனக்குத்தான், தலையை ஆட்டு." இரண்டு முறை இடித்தால், "உனக்கில்லை, சும்மா இரு." கூடவே உதடு அசையாமல் தகவலும் வரும்.

"பாதிஸ்தா. கசாப்புக் கடைக்காரன். வெங்காய வாசனை அடிக்குது, யோசிச்சு ஆட்டு."

இதற்குப் பதிலாக சுலேமா அவளுக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பாள். வீட்டைவிட்டு இறங்கும்போது மாடிப்படியில் சுலேமா முன்னால் போக, நில்தா பின்னாலிருந்து காலுறைக் கோட்டைச் சரிபார்ப்பாள். "இடது கால் கோணலா இருக்குடி, நில்லு." ஒன்பது வருடம் இப்படியே போனது.

பிறகு எவாரிஸ்தோ கிரோகா வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது வருடம் வேலை பார்த்தவர். கூண்டு வைத்த பழைய லிஃப்டுகளோடு பழகியதாலோ என்னவோ, அவர் ஆட்டத்தில் குலுக்கல் கிடையாது. தரையோடு தரையாக வந்து நிற்பார். மற்றவர்கள் பாட்டு முழுக்கக் காலை வீசிக்கொண்டிருக்க, இவர் ஒரு பாட்டில் இரண்டு முறை சும்மா நிற்பார். அந்த நிற்பதற்காகவே பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுலேமா அவரைப் பார்த்ததெல்லாம், வேறொருத்தியோடு ஆடிக்கொண்டு மேஜையை ஒட்டிக் கடக்கும் அந்த ஒரு கணம்தான். சாம்பல் நிற கோட்டு. மார்புப் பையில் நாவல்பழ நிறக் கைக்குட்டை.

எட்டு மாதம் காத்திருந்தாள். நில்தாவின் முழங்கால் அவர் பேரைச் சொல்லி ஒரு முறைகூட இடிக்கவில்லை. ஒன்பதாவது மாதம் சுலேமா நாவல்பழ நிறத்தில் நாலரை மீட்டர் கிரேப் துணி வாங்கினாள். அந்தக் கைக்குட்டையின் அதே நிறம். மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தாள். இந்த கவுனைப் போட்டுக்கொண்டு அந்த மனிதரோடு நாலே நாலு பாட்டு ஆடவேண்டும். அதற்குமேல் வாழ்க்கையிடம் கேட்பதற்கு அப்போது அவளிடம் ஒன்றும் இல்லை.

கவுனைப் பார்த்ததும் நில்தாவின் முகம் மாறியது.

"இது யாருக்காகத் தைச்சது?"

"எனக்காகத்தான்."

"நிறம் யாரோடது?"

சுலேமா ஊசியை வாயில் வைத்துக்கொண்டாள். பேசாமலிருக்க அது வசதி.

"அந்த ஆளு எட்டு மாசமா எனக்குத் தலையாட்டுறான், தெரியுமாடி உனக்கு? நானும் ஆட்டுறேன். கழுத்து வலிக்கிற அளவுக்கு ஆட்டுறேன். எழுந்துதான் வரமாட்டேங்கிறான்!"

"உனக்கா ஆட்டுறாரு? நம்ம ரெண்டு பேரும் ஒரே மேஜையில ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். எனக்கா இருக்கக் கூடாதா?"

"உன்னைப் பார்த்து ஆட்டினா நீ பதிலுக்குச் சுவரைப் பார்க்கிறியே, எவன்டி எட்டு மாசம் சுவருக்கு ஆட்டுவான்?"

"அப்ப நீ என் முழங்காலை இடிச்சிருக்கணும்!"

"எனக்கு வந்ததுக்கு உன் முழங்காலை எதுக்கு இடிக்கணும்?"

இதில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் சமாதானத்துக்கு வழியில்லாமல் போயிற்று. அடுத்த புதன்கிழமை நில்தா கூடத்தின் மறுகோடியில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜைக்குக் குடிபெயர்ந்தாள். சுலேமா மூன்றாவது மேஜையில் தனியாக, பழைய பச்சை கவுனில் உட்கார்ந்தாள். நாவல்பழ நிறத்தை வீணாக்க மனம் வரவில்லை.

கண் போய்விட்டது. என்ன செய்வது? அவளிடம் ஓர் அத்தையின் தூரக்கண்ணாடி இருந்தது. அந்தக் காலத்தில் சீமாட்டிகள் நாடகக் கொட்டகையில் மேடையைப் பார்க்க வைத்துக்கொள்வது. முத்துச்சிப்பி பதித்தது, கையில் பிடிக்க நீளமான காம்பு. உடுப்புக்கும் காலத்துக்கும் பொருத்தமான பொருள். இதைவிடக் கண்ணியமாக ஒருத்தியால் உலகத்தைப் பார்க்க முடியுமா என்று நினைத்துக்கொண்டு, தொப்பி வலையை விலக்கி, அதைக் கண்ணில் வைத்தாள்.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக எதிர்ச் சுவர் முகங்களால் நிரம்பியது. ஒவ்வொரு முகத்திலும் மூன்று விநாடி நின்று நின்று நகர்ந்தாள். ஒரு பெண் ஓர் ஆணை மூன்று விநாடி பார்த்தால் அந்தக் கூடத்தில் அதற்கு என்ன பொருள் என்பது ஆர்வத்தில் மறந்துபோயிற்று. பாதிஸ்தாவைக் கடந்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரைக் கடந்தாள். வரிசைக் கடைசியில் எவாரிஸ்தோ. அங்கே நின்றுவிட்டாள்.

அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணை இடுக்கி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் சாய்ந்து. முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளுக்குள் மணியடித்தது. 'மைனஸ் நாலு. குறையவே குறையாது.'

தூரக்கண்ணாடியை வரிசையில் திரும்ப ஓட்டினாள். இப்போது அவளுக்கு வேறொன்று தெரிந்தது. பாதிஸ்தா, மைனஸ் மூன்றே கால், போன ஜூனில் கறுப்பு ஃப்ரேம் வாங்கியவர். அடுத்தவர் மைனஸ் இரண்டு. அதற்கடுத்தவர் கண்புரை. ஆறு பேர் அவளுடைய வாடிக்கையாளர்கள். ஆறு பேர் முகத்திலும் அவள் விற்ற கண்ணாடி இல்லை. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, மிடுக்காக, எதிர்ச் சுவரிலிருந்த வண்ணக் கறைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். 'அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார்' என்று இந்தப் பெண்கள் வீட்டில் போய்ச் சொன்ன கதைகள் எத்தனை! தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தானோ என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஏனென்றால் நாலு ஆண்கள் எழுந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"நான்தான் முதல்ல!" என்றார் பாதிஸ்தா.

"உன்னையா பார்த்தாங்க? உன் பின்னாடி இருந்த என்னை."

"எனக்கு அஞ்சு விநாடி. நான் எண்ணினேன்."

"சென்யோரா, எனக்கு மூணு வாரமா ஒரு ஆட்டம்கூட இல்ல" என்றார் நாலாமவர், கண் கலங்க.

மிலோங்காவை நடத்தும் மிர்தா மேஜைகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சுலேமா! என்ன இது, குதிரைப் பந்தயம் பார்க்கவா வந்திருக்கே? கொடு அதை இப்படி!" தூரக்கண்ணாடியைப் பிடுங்கி, கத்தியைப் பறிமுதல் செய்தவள் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனாள். சுலேமா மூணு வாரக்காரரோடு ஆடினாள். அவர் ஏன் மூன்று வாரம் ஆடவில்லை என்பது முதல் பாட்டிலேயே அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

கூடமே சிரித்தது, எவாரிஸ்தோவைத் தவிர. அவருக்கு நடந்தது எதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்களிடம் என்ன, என்ன என்று கேட்டார். "கண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க? தோன் சவுல் கடைக்குப் போங்க" என்றார் பாதிஸ்தா, மைனஸ் மூன்றே கால்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு எவாரிஸ்தோ கடைக்குள் வந்தார். ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டிய பழைய கண்ணாடி மூக்கில், வைத்தியரின் சீட்டு கையில். சுலேமா நிமிர்ந்தாள். அவள் மேலே வெள்ளை அங்கி, முகத்தில் பழுப்புக் கண்ணாடி, கூந்தல் ஒரு ரப்பர் வளையத்துக்குள். அவருக்கு அவளைத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சீட்டைப் பார்த்தாள். மைனஸ் நாலே கால்.

"வெளியே போட்டுக்கிற மாதிரி ஒண்ணு வேணும், சென்யோரா. இது வீட்டோட சரி."

கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க ஒரு முழ இடைவெளியில் எதிரெதிரே உட்காரவேண்டும். அவள் சின்ன ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்தாள். "என் இடது கண்ணைப் பாருங்க" என்றாள். இதை இருபதாயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பாள். அவர் பார்த்தார்.

"எங்கே போட்டுக்கப் போறீங்க?"

"மிலோங்காவுக்கு. சிரிக்காதீங்க. அங்கே ஒரு பெண்மணி இருக்காங்க. தூணோரம், மூணாவது மேஜை. எட்டு மாசமா தலையாட்டுறேன். ஒரு தடவைகூட பதில் இல்ல. இப்படி ஒரு கர்வத்தை நான் கண்டதில்ல."

"மேஜையில ரெண்டு பேர் இருப்பாங்களே... அதாவது, இருக்கலாமே. யாரைன்னு எப்படித் தெரியும்?"

"தொப்பி. அந்தக் கூடத்துலயே ஒரே தொப்பி. சாஞ்சிருக்கும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். முகம் எப்படின்னு சத்தியமா தெரியாது."

ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அறுபத்து மூன்று மில்லிமீட்டர்.

"முகம் தெரியாம என்னத்துக்கு எட்டு மாசம்?"

"தொப்பியைச் சாச்சு வைக்கிறதுக்கு ஒரு மனசு வேணும் இல்லீங்களா? நேரா வைக்கிறதுதான் சுலபம். இப்ப அந்த முகம் எனக்கு வேண்டாம்னு சொல்லுதா, இல்ல வேற எங்கயோ பார்க்குதான்னு தெரிஞ்சுக்கணும். வேண்டாம்னா மரியாதையா வேற மன்றத்துக்குப் போயிடுவேன். அடுத்த புதனோட சரி."

சுலேமா ஃப்ரேம் தட்டை இழுத்தாள். கை பழக்கத்தில் நகர்ந்தாலும் மனம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆளுக்குக் கண்ணாடி போட்டால் பன்னிரண்டு மீட்டரிலிருந்து இந்த மூக்கு தெரியும். போடாவிட்டால் இன்னொருத்தி தொப்பியைப் பார்த்து இன்னும் எட்டு மாதம் ஆட்டுவார், ஆனால் வேறு மன்றத்தில். சரி, அவர் பார்க்கட்டும். ஆனால் அவர் தலையாட்டுவது தனக்கு எப்படித் தெரியும்? நில்தா இல்லை. தூரக்கண்ணாடி மிர்தாவின் அலமாரியில். பழுப்புக் கண்ணாடியை அந்த கவுனோடு போடுவதாவது!

"ஆன்டி-கிளேர் பூச்சு போட்டுடலாமா?" என்று உள்ளிருந்து தோன் சவுல் குரல் கொடுத்தார்.

முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பூச்சு இல்லாமல் ஒரு வாடிக்கையாளரையும் அவள் வெளியே விட்டதில்லை. விளக்கொளி லென்ஸில் பட்டுப் பளிச்சிடாமல் இருக்கும் என்று அதன் பெருமையை ஒரு சொற்பொழிவாகவே சொல்வாள்.

"வேண்டாம்" என்றாள் சுலேமா. "இவருக்குத் தேவையில்லை."

தோன் சவுல் எழுந்து கதவருகே வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்பது போல நின்றார். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கண்ணாடி செவ்வாய்க்கிழமை வேணும், தோன் சவுல். அவசரம்."

புதன்கிழமை நாவல்பழ நிறம் வெளியே வந்தது. காலுறைக் கோட்டைச் சரிபார்க்க ஆளில்லாமல் சுலேமா மாடிப்படியில் தனியாக இறங்கினாள். கூடத்தில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கறுப்பாக வரிசையாக, அவற்றின்மேல் வெளிறியதாக வரிசையாக. வழக்கம் போல எல்லாம் ஒரே ஆண்.

அதில் ஒன்றில் மட்டும் இரண்டு பொறிகள்.

கூடத்தின் நடுவே தொங்கும் பெரிய சரவிளக்கு முழுவதும் அந்த இரண்டு லென்ஸில் விழுந்து கிடந்தது. மற்ற முகங்களில் ஒன்றும் இல்லை. ஒருவரும்தான் கண்ணாடி போடுவதில்லையே. பொறிகள் அவள் பக்கம் திரும்பின. நின்றன. ரொம்ப நேரம் நின்றன. 'மூக்கைப் பார்க்கிறார்' என்று சுலேமா நினைத்தாள். பார்வையை விலக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானம் இல்லை. விலக்கவில்லை.

இரண்டு பொறிகளும் ஒன்றாகக் கீழே இறங்கி, ஒன்றாக மேலே ஏறின.

சுலேமாவும் தலையை ஆட்டினாள். தொப்பி வலை குலுங்கும் அளவுக்கு ஆட்டிவிட்டாள்; அது கொஞ்சம் அதிகம்தான். பொறிகள் எழுந்தன, தரையைக் கடந்து வளர்ந்துகொண்டே வந்தன, அவள் நாற்காலிக்கு முன்னால் தரையோடு தரையாக நின்றன.

"நீங்களா!" என்றார் எவாரிஸ்தோ. "கடையில சொல்லியிருக்கலாமே."

"அங்கே தொப்பி இல்லையே."

அவர் கவுனைப் பார்த்தார். தன் கைக்குட்டையைப் பார்த்தார். கையை நீட்டினார். அது சரியான பதிலாகவே சுலேமாவுக்குப் பட்டது.

கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஆடும் ஆட்டத்தில் கண்ணாடி ஃப்ரேம் நெற்றியில் குத்தும். அதனால் அவர் அதைக் கழற்றி, மடித்து, கைக்குட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டார். பிறகு மைனஸ் நாலே காலும் மைனஸ் ஐந்தரையும் ஆடின. வழியில் பாதிஸ்தாவின் காலை மிதித்தார்கள். அவரும் பார்க்கவில்லை, மன்னிப்பை அடுத்த ஜோடியிடம் கேட்டார். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு முறை எவாரிஸ்தோ சும்மா நின்றார். அந்த நேரத்தில் கிரேப் துணி மட்டும் கொஞ்சம் தாமதமாக, தானாக, கால்களைச் சுற்றி வந்து நின்றது. மூன்று வாரம் தைத்தது இதற்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

நாலு பாட்டும் முடிந்தன. முறைப்படி எவாரிஸ்தோ அவள் கையைத் தன் முழங்கையில் வாங்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து, அவள் மேஜைக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, தலை வணங்கிவிட்டுப் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கு நினைவில்லை. சுலேமா நிமிர்ந்து உட்கார்ந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். காப்பி வாசனை வழக்கத்தைவிடப் பலமாக இருப்பதாக மட்டும் தோன்றியது.

"தப்பான மேஜைடி" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

இரண்டு மீட்டருக்குள்தான் இருந்தது, பார்க்க முடிந்தது. நில்தா.

சுலேமா எழுந்திருக்கவில்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்றும் தெரியவில்லை.

"அவரு உன்னைத்தான் பார்த்து ஆட்டினாரு இல்ல?" என்றாள் நில்தா, காப்பியைக் கலக்கிக்கொண்டே. "நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். எட்டு மாசக் கழுத்து வலி எனக்கு."

"தைலம் தேய்ச்சு விடுறேன்."

"ஒண்ணும் வேணாம். உன் வலது கால் கோடு முட்டிக்குப் பின்னாடி அப்படியே பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கு. அதோட நாலு பாட்டு ஆடியிருக்கே, வெக்கமா இல்ல? கூடமே பார்த்துச்சு."

"கூடத்துல யாரு பார்த்தா? உன் ஒருத்திக்குத்தான் கண்ணு தெரியும்."

அடுத்த சுற்றுக்கான இசை தொடங்கியது. எதிர்ச் சுவரில் எங்கோ இரண்டு பொறிகள் அவசரமாக ஏற்றப்பட்டு, மூன்றாவது மேஜையை நோக்கித் திரும்பி, அங்கே தொப்பியைக் காணாமல் கூடம் முழுக்கத் தேட ஆரம்பித்தன.

மேஜைக்கு அடியில் நில்தாவின் முழங்கால் ஒரு முறை இடித்தது.